முகவடுவும் லேசர் சிகிச்சையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இயலும் இசையும் மணக்கும் இம்மேடையிலே, முகப்பருவையும் அதன் தழும்பையும் லேசர் ஒளியால் ஆற்றும் முறை பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எனக்குப் பணித்திருக்கின்றனர். நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிப்பவன். ஆனால் எனக்கு முறை மாறி வரும் பணி, பகலில் வீட்டிலிருப்பேன். ஆகையால் சாலைப் பகுதியிலுள்ள நம் காலனி வீடுகளில் யாருக்கேனும் ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால், ‘மாமா சும்மாதானே இருக்கின்றார்’ என்று என்னை அழைத்துவிடுவார்கள். அவ்வாறு கடந்த சில ஆண்டுகளில் இளைஞர் சிலருடன் தோல் மருத்துவரின் வாயிலில் காத்திருந்தேன். எதையும் குறித்து வைப்பது எழுத்தரின் பழக்கம். அவர்கள் சொன்னவற்றையும் மருத்துவர் சொன்னவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெயர் சொல்லாமல் சொல்லலாம் என்று அவர்களும் இசைந்திருக்கின்றனர்.

‘தமிழ்ச் சங்கத்துக்கும் முகப்பருவுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?’ என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை இதே மேடையில் கோலாட்டத்தில் முன்வரிசையில் நின்ற ஒரு பெண், அதன்பின் விழாவுக்கே வருவதில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பையன், பரிசு வாங்கும்போது புகைப்படம் எடுப்பார்களே என்று அஞ்சி, தன் தாயை அனுப்பிப் பரிசைப் பெற்றுக்கொண்டான். நம் குழந்தைகள் சபைக்கு வர நாணுகின்றார்கள் என்றால் அது சபையின் காரியமே என்று நான் கருதுகின்றேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் முகத்தில் வடு இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். பெரியம்மை வந்து போன வீடுகளில் நால்வரில் இருவர் முகம் குழிந்திருக்கும். அவர்களுக்கும் திருமணம் நடந்தது. அவர்களும் கடை நடத்தினார்கள். ஒருவரை ஒருவர் உற்றுப் பார்ப்பாரில்லை. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஓய்ந்தது. 1980-இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரும் நன்மை! ஆனால் அதன்பின் எல்லா முகங்களும் வழுவழுப்பானபோது, பருவினால் குழிந்த முகம் தனியே தெரியலாயிற்று. போதாக்குறைக்குக் கைபேசியில் எடுக்கும் படங்களை மெருகிட்டுத் தரும் வசதியும் வந்துவிட்டது. அந்தப் படத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டு வருந்தாத பதினாறு வயது யார்?

பரு எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். மயிர்க்காலை ஒட்டி எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பி ஒன்று உண்டு. பூப்பெய்தும் பருவத்தில் உடம்பின் உட்சுரப்பு நீர்கள் அதை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. உதிர்ந்த தோல்செதில் வாயை அடைக்கின்றது; உள்ளே கிருமி பெருகுகின்றது; சிவந்து வீங்குகின்றது. அழற்சி ஆழமாக இறங்கினால் தோலின் அடித்தளத்திலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அழிந்து, மேற்பரப்பு உள்வாங்கிவிடுகின்றது. அதுவே குழித்தழும்பு. சிலருக்கு, சிறப்பாகத் தாடை, மார்பு, தோள் ஆகிய இடங்களில், நார் மிகுந்து மேடாகவும் எழும்பும். முகம் கழுவாததால் பரு வருகின்றது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தாய்மார்கள் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் அவசியம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல், கண்ணுக்கு மட்டும் கருமையாகத் தெரிந்தால் அது கறை, வடு அன்று. நம் நிறத்தவர்க்குப் பரு ஆறியபின் இக்கறை பெரும்பாலும் தோன்றும். வெயில் படாமல் காத்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தானே மங்கும். விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால்தான் அது வடு. கறைக்கும் வடுவுக்கும் வைத்தியம் வெவ்வேறு. தானே மங்கக்கூடிய கறைக்கு லேசர் என்று பணம் கட்டிவிட்டு வந்தவர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள்.

லேசருக்கு முன்னால் களிம்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் முதலில் துணை சென்ற பெண்ணை அந்த மருத்துவர் லேசர் இருக்கும் அறைக்கு அழைத்துச் செல்லவே இல்லை. ‘வீட்டில் முகத்துக்குப் பூசும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்’ என்றார். மறுநாள் பையைக் கவிழ்த்தபோது மேசைமேல் பதினொரு குப்பிகள்! அவற்றுள் ஒன்று, தோழி ஒருத்தி கொடுத்த வெண்மையாக்கும் களிம்பு. அதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது. பூசினால் சில வாரங்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும். நாள்பட்டால் தோல் மெலிந்து, பருவும் அதனாலேயே பெருகும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கின்றது; பழக்கமும் இருக்கின்றது.

இதைவிடக் கொடியது பாதரசம். நம் கேரளத்திலேயே, மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரக மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயுடன் அவர்களிடம் வந்தவர் 22 பேர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! களிம்பிலே பாதரசம் மிகுந்திருந்ததாம். பூசுவதை நிறுத்தியபின் பலருக்கு நோய் தணிந்தது. இச்செய்தி வெளிவந்த 2023-ஆம் ஆண்டில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆப்பரேஷன் சௌந்தரிய’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தொடுமென்று யார் நினைத்தார்கள்? தயாரிப்பவரின் முகவரியும் உரிம எண்ணும் அச்சிடாத களிம்பை, வளைகுடாவிலிருந்து மைத்துனரே கொண்டுவந்து கொடுத்தாலும், குப்பையில் போடுங்கள்.

இனி லேசருக்கு வருவோம். முதல் லேசர்க் கருவியை 1960-இல் அமெரிக்காவில் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக்கொண்டு இயக்கிக் காட்டினார். தழும்பு வைத்தியத்தில் இன்று மிகுதியாகப் பயன்படும் கரியமில வாயு லேசரைக் கண்டவரோ நம் நாட்டவர். மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1964-இல் அதனை உலகுக்கு அளித்தார். அதன் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலிலுள்ள நீர் அவ்வொளியை விழுங்கிச் சூடேறி ஆவியாகின்றது. அப்புண் ஆறும்போது புதிய கொலாஜன் ஊறிக் குழி மேலெழும்புகின்றது. இதுதான் தத்துவம்.

தொடக்கத்தில் முகத்தோல் முழுவதையும் ஒரே படியாகச் சீவினார்கள். புண் ஆற வாரக்கணக்காகும். நிறமாற்றமும் தொற்றும் நேரிட்டன. 2004-இல் ஹார்வர்டு மருத்துவ அறிஞர்கள் வேறொரு வழியை வெளியிட்டார்கள். இரயில்வேக்காரன் கண்ணுக்கு அது உடனே விளங்கும். தண்டவாளம் புதுப்பிக்கும்போது முழுப் பாதையையும் ஒரே நாளில் பெயர்ப்பதில்லை. சிறிது தூரம் பெயர்த்து, இடையிலே நல்ல பாதையை விட்டுவைத்து, வண்டிகளை மெதுவாக ஓட்டுகின்றோம் அல்லவா? அதுபோல, ஒளிக்கதிரை ஊசிமுனையினும் நுண்ணிய ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்துத் தோலில் செலுத்துவார்கள். புள்ளிகளுக்கு இடையே தொடாது விட்ட நல்ல தோல், பக்கத்திலுள்ள சிறு புண்களை விரைவில் ஆற்றிவிடும். பின்னக் கூறு முறை என்று அதைச் சொல்லலாம்.

இச்சிகிச்சை பெற்ற தம்பி ஒருவர் சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து கூறுகின்றேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகின்றார். பதினைந்தாம் வயதில் தொடங்கிய பரு இருபத்திரண்டில் ஓய்ந்தது. இரு கன்னங்களிலும் பள்ளம். மருத்துவர் முதலில் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். குழிகளில் மூவகை உண்டாம். ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழ்ந்தது ஒன்று. பெட்டிபோல் விளிம்பு தெரிவது ஒன்று. அலைபோல் அகன்று தாழ்ந்தது ஒன்று. அலைக்குழிக்கு அடியிலே தோலை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிட்டார். ஊசிக்குழிகளில் செறிந்த அமிலத்தை மிகச் சிறு துளியாக வைத்தார். அதன்பிறகே லேசர். ‘எல்லாவற்றுக்கும் லேசர் ஒன்றே போதும் என்பவரிடம் போகாதீர்கள்’ என்று அவ்வம்மையார் சொன்னதை நான் கோடிட்டு வைத்திருக்கின்றேன்.

சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு மரத்துப்போகும் களிம்பைத் தடவினார்கள். கண்ணுக்குக் கவசம். ‘வலி எப்படி இருந்தது, தம்பி?’ என்றேன். ‘தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கன்னத்தில் தெறிப்பதுபோல, மாமா, ஆனால் நிற்காமல் தெறிக்கும்’ என்றார். இருபது நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவு முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்து வீங்கிற்று. மூன்றாம் நாள் காப்பித்தூள் தூவியதுபோல் பழுப்புப் பொருக்குகள். தொட்டால் உப்புத்தாள். கிள்ளி எடுக்கக் கை துறுதுறுத்ததாம். எடுத்தால் புது வடு விழும் என்று சொல்லியிருந்தமையால் இரவில் கையுறை அணிந்து உறங்கினார். ஏழாம் நாளில் எல்லாம் உதிர்ந்தன. உடனே கண்ணாடியைப் பார்த்து, ‘போய்விட்டது!’ என்று மகிழ்ந்தார். அது வீக்கத்தால் குழி நிரம்பிய தோற்றம். மூன்றாம் வாரம் வீக்கம் வற்றியதும் குழிகள் மீண்டும் தெரிந்தன. இரண்டு நாட்கள் அவர் கடைக்குப் போகவில்லை. இந்த ஏமாற்றம் வரும் என்பதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும். ஆகையால்தான் இதை விரித்துச் சொல்கின்றேன். கொலாஜன் ஊற மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

ஒன்றரை மாத இடைவெளியில் நான்கு முறை செய்தார்கள். முடிவு என்ன? தாயார், ‘முக்கால்வாசி போய்விட்டது’ என்கின்றார். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, ‘ஓரளவு நல்ல முன்னேற்றம்’ என்கின்றார். தம்பியோ, ‘பாதி, மாமா. முடிதிருத்தகத்தில் பக்க விளக்கில் பார்த்தால் இன்னும் தெரிகின்றது’ என்கின்றார். ஒரே கன்னம், மூன்று தீர்ப்பு! அறிஞர் உலகிலும் இதே நிலைதான். 2016-இல் காக்ரேன் என்னும் ஆய்வமைப்பு, பருத்தழும்புச் சிகிச்சைகள் பற்றிய 24 சோதனைகளை, மொத்தம் 789 பேரின் அனுபவத்தை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. எந்த ஒரு முறையையும் முதன்மையானது என்று நிறுவப் போதிய வலுவான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. அதற்காக லேசர் பயனற்றது என்று பொருளன்று. வடு குறையும்; மறையாது. ‘முற்றிலும் நீக்கித் தருகின்றோம்’ என்று விளம்பரம் செய்பவர் உண்மை பேசவில்லை.

அந்தத் தம்பி இப்போது முகப்புக் கல்லாவில் அமர்கின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு பின்கட்டில், மூட்டைகளுக்குப் பின்னே, விளக்கில்லா மூலையில் கணக்கெழுதுவார். பாதி குறைந்ததே அவருக்குப் போதுமானதாயிற்று.

இரண்டாவது அனுபவம் இதற்கு நேர்மாறானது. திருமணம் நிச்சயமான ஒரு பெண். மாநிறத்தைவிடச் சற்றுக் கூடிய நிறம். முகூர்த்தத்துக்கு ஐந்து வாரமே இருக்கையில், சலுகை விலையென்று ஓர் அழகு நிலையத்தில் லேசர் செய்துகொண்டார். அங்கே மருத்துவர் இல்லை. பத்து நாளில் கன்னமெங்கும் சதுரம் சதுரமாகக் கருமை படர்ந்தது. மணமேடையில் பூச்சுக்கு மேல் பூச்சு. அது மங்க ஒன்பது மாதம் சென்றது.

காரணம் இதுதான். நம் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதி. அது வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் கவசம். ஆனால் சூடோ காயமோ பட்டால் மேலும் சுரந்து கருக்கும். வெள்ளையருக்கு வகுத்த ஒளியளவை நமக்கு அப்படியே வைத்தால் இப்படித்தான் நேரும். ஒளிப்புள்ளிகளை நெருக்காமல், அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்டி, முதலில் காதோரத்தில் சிறிது சோதித்துப் பார்த்துச் செய்பவரே நமக்கு ஏற்ற வைத்தியர். நுண்ணூசி வழியே ரேடியோ அலைச் சூட்டைச் செலுத்தும் மற்றொரு முறையும் உண்டு. அது நிறப்பொருளை நாடிச் செல்லாதாகையால், கருமை படரும் அச்சம் அதில் குறைவு என்பர். மேலும், எதிர்வரும் திருமணத்துக்கோ நேர்முகத்துக்கோ அவசரமாக லேசர் செய்வது கூடாது. குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். இல்லையேல் திருமணம் முடிந்து ஆற அமரச் செய்துகொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்காலை. அன்று சாலைத் தெரு முழுதும் அடுப்பு. காலை முதல் தாய்மார்கள் வெயிலிலும் புகையிலும் அனலிலும் நிற்பார்கள். லேசர் செய்த தோலுக்கு வெயிலும் அனலும் ஆகா. சிகிச்சை நாளைக் குறிக்கும்போதே பஞ்சாங்கத்தைப் பார்த்து, பொங்காலையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியூர் மருத்துவர்க்கு அது தெரியாமலிருக்கலாம்.

இன்னும் ஆறாத பருவுக்கே லேசர் செய்யலாமா என்று பலர் கேட்கின்றனர். எண்ணெய்ச் சுரப்பியையே நாடித் தாக்கும் 1726 நானோமீட்டர் லேசருக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2022-இல் இசைவளித்தது. ஆயினும் பெரும்பாலோர்க்குப் பூசு மருந்தும் மாத்திரையுமே முதல் வழி. பருவை அடக்காமல் வடுவைச் சீர்செய்வது, ஒழுகும் கூரையின்கீழ்ச் சுவருக்கு வெள்ளையடிப்பதாகும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை உண்டு, 1982 முதல் வழங்கி வருவது, பலன் மிக்கது. அம்மாத்திரை உண்டபின் ஆறு மாதம் லேசர் கூடாது என்று முன்பு சொல்லிவந்தனர். பின்னக் கூறு லேசருக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று 2017-இல் அறிஞர் குழுக்கள் கருத்துரைத்தன. தோலை முழுதும் சீவும் முறைக்கு மட்டும் அந்த எச்சரிக்கை தொடர்கின்றது.

தாய்மார்களே, அந்த மாத்திரையைப் பற்றி ஒன்றை மட்டும் கூர்ந்து கேளுங்கள். அதை உண்ணும் காலத்தில் கருவுற்றால் குழந்தைக்குக் கொடிய ஊனங்கள் நேரலாம். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கலாகாது. பெண் பருவுக்கு மருந்து உண்பதைச் சம்பந்தி வீட்டாரிடம் மறைத்து, மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் குங்குமச் சிமிழில் போட்டு அனுப்பிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். நல்வினையால் அப்பெண்ணே தன் கணவரிடம் சொல்லி, மருத்துவரிடம் சென்றுவிட்டார். ‘கன்னம் தெளிந்தபின் பெண் பார்க்க வருகின்றோம்’ என்று சொல்லியனுப்பும் மாப்பிள்ளை வீட்டார் நம்மிடையேயும் உண்டு என்பதால்தான் இத்தகைய மறைப்புகள் நிகழ்கின்றன. அவ்வாறு சொல்லியனுப்புவோர்க்குப் பெண் கொடுக்கவேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டுமே! முதலில், செய்பவர் யார் என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமோ பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. டிக்கெட் பரிசோதகர் பயணச்சீட்டைக் கேட்டால் நாம் கோபிப்பதில்லையே! எத்தனை முறை செய்ய வேண்டும், மொத்தம் எவ்வளவு, கருமை படர்ந்தால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுதி வாங்குங்கள். ஆறு முறைக்குமான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம். முறைக்கு முறை கட்டுங்கள். அழகுச் சிகிச்சை என்று பெயரிடப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் பணம் தராது. பொருள் சேவை வரியும் சேரலாம். 1951 முதல் நம் நகரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு உண்டு. லேசர் வேண்டுமா வேண்டாமா என்னும் முதல் ஆலோசனைக்கு அங்கே சென்றால் குறைந்த செலவில் நேர்மையான விடை கிடைக்கும். வரிசை நீளம்தான், விடியற்காலையில் போய்ச் சீட்டு எடுக்க வேண்டும்.

கோலாட்டத்துக்கு வராத பெண்ணைப் பற்றி முதலில் சொன்னேன். அவருக்கு இப்போது மாத்திரை நடக்கின்றது. லேசர் பற்றி அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கின்றார். கோலாட்டக் குழுவினர் அவர் வீட்டுக்குப் போய் அழைக்கலாம். ஆனால், ‘முகம் இப்போது பரவாயில்லையே’ என்ற பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன். துணைக்கு ஆள் வேண்டுவோர் என்னிடம் சொல்லலாம். இம்மாதம் எனக்கு இரவுப் பணி.